ஒன்றரைச் சவரனில் ஒரு விமானம்

அப்பாவின் தராசுப் பெட்டி தேக்கால் ஆனது. உள்ளே பச்சை வெல்வெட் துணி, அதில் எடைக்கற்கள் உட்காரக் குழிகள். ஒரு குழி மட்டும் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து காலி. நாற்பது ஆண்டுகளாக அந்தத் தட்டில் தங்கமும் வெள்ளியும் தவிர வேறெதுவும் ஏறியதில்லை. சின்ன வயதில் விளையாட்டாக ஒரு துவரம்பருப்பை எடுத்து வைத்ததற்கு நான் வாங்கிய குட்டு இன்னும் நினைவிருக்கிறது. இந்த மே மாதம் அதே தட்டில், அதைத் தாங்கும் மூன்று நூல்களுக்கு நடுவே ஒரு தெர்மாகோல் இறக்கையைக் குறுக்காகச் செருகி வைத்துவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "மூன்று கிராம், அதற்கு மேல் ஒரு குன்றிமணி" என்று அவரே அறிவித்தார்.

அப்பா பத்தர். பட்டறையை மூடி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. தங்கம் எடை போட்ட கைக்கு ஓய்வு பிடிப்பதில்லை என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் அது ஒரு விளையாட்டு விமானத்தில் போய் முடியும் என்று யாரும் நினைக்கவில்லை.

தொடங்கி வைத்தவன் என் தம்பி மகன். பத்து வயது. ஒவ்வொரு கோடைக்கும் ஓசூரிலிருந்து வேலூருக்கு வருகிறான். விவரம் தெரிந்தவர்கள் இதைத் திருப்பிச் செய்வார்கள். வேலூரிலிருந்து ஓசூருக்குப் போவார்கள். எங்கள் ஊரைச் சுற்றி நிற்கும் மொட்டைப் பாறைக் குன்றுகள் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு இரவெல்லாம் அதை ஊர்மீது ஊதுகின்றன. அக்னி நட்சத்திரத்தில் காலை எட்டு மணிக்கு மேல் பையனை வெளியே விட முடியாது. வீட்டுக்குள் வைத்தால் கைபேசி. போன ஆண்டு திருவிழாக் கடையில் வாங்கிக் கொடுத்த ரப்பர் பேண்ட் விமானம் ஒன்று இரண்டாம் நாளே விசிறி உடைந்து பரணுக்குப் போயிருந்தது. அதைத் தூசி தட்டி எடுத்துவந்து, "அத்தை, இதே மாதிரி நாமே செய்ய முடியாதா?" என்றான். முடியும் என்று சொல்லிவிட்டேன். அத்தைகள் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறோம்.

வேலூரைப் பற்றிப் பழைய கேலி ஒன்று உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். கோயில் பற்றிய வரி 1981ஆம் ஆண்டு பொய்யாகிவிட்டது. கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் மறுபடி வந்து அமர்ந்தார். காலியான அந்த இடத்துக்கு இப்போது விமானம் இல்லாத விமான நிலையம் என்று சேர்த்துக்கொள்ளலாம். அப்துல்லாபுரத்தில் பழைய ஓடுதளம் ஒன்று இருக்கிறது. சிறு ஊர்களை விமானத்தால் இணைக்கும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் சேர்த்துப் புதுப்பித்தார்கள். டிக்கெட் வாங்கி அங்கே விமானம் ஏறிய ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஆகவே வேலூரில் விமானம் வேண்டுமென்றால் வீட்டில் செய்துகொள்வதுதான் வழி என்று பையனிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. விமான நிலையம் இருக்கும் ஊரில் விமானம் இல்லை என்பது அவனுக்கு வேடிக்கையாகப் படவில்லை, அநியாயமாகப் பட்டது.

முதலில் உடலுக்கு ஒரு குச்சி. கடைகளில் கிடைக்கும் மாதிரி விமானங்களுக்கு பால்சா மரம் பயன்படுத்துகிறார்கள். தென்னமெரிக்க மரம், கன சென்டிமீட்டருக்குச் சுமார் 0.16 கிராம்தான் இருக்கும். நம் மூங்கில் அதைவிட நான்கு மடங்கு கனம். ஆனால் நாங்கள் வைத்துக்கொண்ட நிபந்தனை, வீட்டில் கிடப்பதை வைத்துத்தான் செய்ய வேண்டும் என்பது. துடைப்பத்து ஈர்க்குச்சியை எடுத்துப் பார்த்தோம். ரப்பரை முறுக்கியதும் வில்லாக வளைந்தது. என் சிறு வயதில் ஆற்காட்டுப் பக்கம் தாய்மாமன் ஊருக்குப் போனால் சோளத்தட்டையில் வண்டி செய்வோம். மேல்தோல் விறைப்பு, உள்ளே நெட்டி போன்ற சதை. இந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான பொருள் இருக்க முடியாது. மே மாதத்து வேலூர் டவுனில் சோளத்தட்டைக்கு எங்கே போவது? கடைசியில் பழைய ஒட்டடைக்கம்பின் நுனியை அறுத்துப் பிளந்தோம். முப்பது சென்டிமீட்டர் நீளம், அரை சென்டிமீட்டர் அகலம். அம்மாவிடம் சொல்லவில்லை. கம்பு குட்டையானதை அவர் இன்றுவரை கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் எங்கள் வீட்டு ஒட்டடையைப் பார்த்துப் பேசாமல் இருக்கிறார்.

இறக்கைதான் முதல் தோல்வி. ஊதுவத்திக் குச்சிகளைச் சட்டமாகக் கட்டி, அதன்மேல் செய்தித்தாளை மைதா பசையால் ஒட்டினேன். காற்றாடி ஒட்டிய கை என்பதால் பெருமையாகத்தான் செய்தேன். காய்ந்ததும் பார்க்க அழகாக இருந்தது, தட்டினால் மேளம் போல் ஒலித்தது. மொட்டைமாடியிலிருந்து விட்டேன். அரிசி மூட்டை போல விழுந்தது.

அப்போதுதான் அப்பா தலையிட்டார். அதுவரை திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவர், இறக்கையை வாங்கி உள்ளங்கையில் வைத்து ஒரு நொடி தூக்கிப் பார்த்தார். "ஏழு கிராம் இருக்கும்" என்றார். பையன் நம்பவில்லை. தராசுப் பெட்டி திறந்தது அந்த நேரத்தில்தான். ஆறே முக்கால்.

செய்தித்தாள் சதுர மீட்டருக்குச் சுமார் 45 கிராம். எங்கள் இறக்கையின் பரப்புக்குக் கணக்குப் போட்டால் இரண்டு கிராம்கூட வராது. ஊதுவத்திக் குச்சிகள் எல்லாம் சேர்ந்து ஒன்றரை கிராம். மிச்சம் இருந்த மூன்று கிராமுக்கு மேற்பட்டது முழுக்க என் மைதா பசை. "நகையைப் பற்றவைக்கப் பொடி வைத்து ஊதுகிறபோது கை தாராளம் காட்டினால் நகை கறுத்துப்போகும், உன் கை என்றைக்குமே தாராளம்" என்றார் அப்பா. எனக்கு நகைத் தொழில் கற்றுக்கொடுக்காததற்கு நாற்பது ஆண்டுகள் கழித்து ஒரு காரணம் கிடைத்தது.

அன்றிலிருந்து எந்தப் பொருளும் தராசு ஏறாமல் விமானத்தில் ஏறவில்லை. பையன் ஒரு நோட்டில் எழுதி வைத்தான். ஐஸ்கிரீம் குச்சி, ஜெம் கிளிப், பேனா ரீபிள், பாசிமணி, மருந்து அட்டை, தயிர் டப்பா மூடி என்று வீட்டில் உள்ளதெல்லாம் அதில் பதிவானது. வீட்டுச் சாமான்களை இப்படிப் பார்க்கத் தொடங்கினால் பார்வையே மாறிவிடுகிறது. ஒரு வாரத்துக்கு நான் எதைக் கையில் எடுத்தாலும் அதன் உபயோகம் தோன்றவில்லை, கனம்தான் தோன்றியது.

இரண்டாவது இறக்கைக்கு, முன்பு சிற்றுண்டித் தட்டாக விற்ற மெல்லிய தெர்மாகோல். 42 சென்டிமீட்டர் நீளம், 9 சென்டிமீட்டர் அகலம். ஒரே தட்டில் அவ்வளவு நீளம் வராது. இரண்டு துண்டுகளை நடுவில் ஒட்டி, இரு முனைகளும் சற்று மேல்நோக்கி இருக்கும்படி நிறுத்த வேண்டும். அந்த எழுச்சி இல்லாவிட்டால் விமானம் ஒரு பக்கம் சாயும்போது தானே நிமிராது. ஒட்டுவதற்கு, ஒரே நொடியில் பிடித்துக்கொள்ளும் பசையை எடுத்தேன். சொட்டு விழுந்த இடத்தில் தெர்மாகோல் சுருங்கி, உருகி, ஐம்பது பைசா அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. பையன் வாய்விட்டுச் சிரித்தான். வெள்ளைப் பசை காய ஒரு ராத்திரி ஆகும், ஆனால் தெர்மாகோலைத் தின்னாது. அதைத் தீக்குச்சி நுனியால் தொட்டுத் தொட்டு வைத்தோம். இப்படி வந்ததுதான் அப்பா அறிவித்த அந்த மூன்று கிராமும் குன்றிமணியும்.

குன்றிமணி என்பது வெறும் பேச்சு வழக்கு இல்லை. தாத்தா காலத்தில் அதுதான் எடைக்கல். ஒரு மணி கிராமில் எட்டில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி. தராசுப் பெட்டியின் அடியில் ஒரு தகர டப்பாவில் இன்னும் ஒரு கைப்பிடி கிடக்கிறது, கறுப்புக் கண்ணோடு சிவப்பாக. மென்றால் விஷம் என்பதால் பையன் வரும்போதெல்லாம் டப்பா மேல் தட்டுக்குப் போய்விடும். இந்த ஆண்டு இறங்கி வந்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

விசிறி செய்வதில் எனக்கு இரண்டு முழு நாள் போனது. சொல்லப்போனால் இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். தட்டையான பிளாஸ்டிக்கை வெட்டித் திருகினால் விசிறி ஆகாது. இரண்டு சுற்றில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். வளைவு பிளாஸ்டிக்கின் உடம்பிலேயே இருக்க வேண்டும். அரை கிலோ தயிர் டப்பாவின் பக்கச் சுவரில் அந்த வளைவு தயாராக இருக்கிறது. டப்பாவை நேராக நிறுத்தி, இலை வடிவை நிமிர்த்தி வரையாமல், பதினைந்து பாகை சாய்த்து வரைய வேண்டும். சாய்த்து வெட்டியதை எடுத்துப் பார்த்தால் அடியில் ஒரு கோணம், நுனியில் வேறு கோணம். நுனி வேகமாகச் சுற்றும், அடி மெதுவாகச் சுற்றும் என்பதால் இரண்டுக்கும் ஒரே கோணம் சரிப்படாது. அந்தக் கணக்கைத் தயிர் டப்பா தானாகப் போட்டுக் கொடுத்துவிடுகிறது. இரண்டு இலைகளும் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும் என்பதை மறந்து முதல் ஜோடியை எதிரெதிராக வெட்டினேன். சுற்றியபோது ஒரு இலை காற்றைப் பின்னால் தள்ள, மறு இலை முன்னால் தள்ள, விமானம் நடுங்கிக்கொண்டு அதே இடத்தில் நின்றது. எங்கள் தெருச் சங்கக் கூட்டம் நினைவுக்கு வந்தது.

இலைகளை ஐஸ்கிரீம் குச்சியின் இரு முனையிலும் ஒட்டி, நடுவில் ஓட்டை போட்டு, ஜெம் கிளிப்பை நிமிர்த்திய கம்பியை அச்சாக்கினோம். கம்பியின் முன்முனை விசிறியைப் பிடித்துக்கொள்ள மடங்க வேண்டும், பின்முனை ரப்பரை மாட்டக் கொக்கியாக வளைய வேண்டும். நான் வளைத்த கொக்கி கேள்விக்குறி போல் ஒரு பக்கமாகத் தொங்கியது. ரப்பர் இழுக்கும் கோடும் அச்சின் கோடும் ஒன்றாக இல்லாவிட்டால் விசிறி சுற்றும்போது விமானம் முழுவதும் உதறும். அப்பா கம்பியை வாங்கினார். சாமணத்தால் பிடித்து, வட்டமூக்குக் குறட்டில் முதலில் சற்றுப் பின்னால் ஒரு மடிப்பு, பிறகு முன்னால் வட்டம். கொக்கியின் நடுப்பகுதி அச்சுக்கு நேராக வந்து நின்றது. ஜிமிக்கிக்குத் தொங்கல் வளையம் போடுவதும் இதே வளைவுதானாம். "தொங்கல் நேராக விழவில்லை என்றால் காது ஒரு பக்கம் இழுக்கும்" என்றார். விசிறிக்கும் மூக்குத் துண்டுக்கும் நடுவே உரசல் குறைய இரண்டு கண்ணாடிப் பாசிமணி. அச்சு சுழலும் குழாய்க்கு என் பேனா ரீபிளை வெட்டி வைத்திருந்தேன். அதை அகற்றிவிட்டுச் சின்னதாய்ப் பித்தளைக் குழல் ஒன்றைச் செய்து பொருத்தினார். ரீபிளைவிடக் கனம் கூடுதல்தானே என்று பையன் தராசைக் காட்டிக் கேட்டான். "மூக்கில் கனம் இருக்கலாம், வாலில்தான் கூடாது" என்றார். விமானம் பற்றி அதுவரை ஒரு வரி படித்ததில்லை அவர். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, நெற்றிச்சுட்டி முன்னால் விழாமல் பின்னால் சாய்ந்தால் யார் போட்டுக்கொள்வார்கள் என்று பதில் வந்தது. இது விளக்கமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் சொன்னது சரி.

ரப்பருக்கு வருகிறேன்.

காய்கறிக் கடையில் கீரைக்கட்டைச் சுற்றி வரும் வண்ண ரப்பர் பேண்டுகளை ஆண்டுக்கணக்கில் கதவுக் கொண்டியில் மாட்டிச் சேர்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். அவற்றை ஒன்றில் ஒன்று கோத்துச் சங்கிலியாக்கி முதலில் முறுக்கினோம். ஒவ்வொரு கோப்பும் முடிச்சாகத் திரண்டு குச்சியில் இடித்தது. பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டிப் பார்த்தோம், மூங்கிலே முறுக்கிக்கொண்டது. பிறகு லாங்கு பஜாரில் ஒரு காகிதக் கடையில், துணி மூட்டை கட்டும் பெரிய அளவு ரப்பர் பேண்ட் எடைக்குக் கிடைத்தது. தேன் நிறம். நல்ல இயற்கை ரப்பர் ஆறேழு மடங்கு நீளும். பையனிடம் ஒன்றைக் கொடுத்து, வெடுக்கென்று இழுத்து உடனே உதட்டில் வைக்கச் சொன்னேன். சூடாக இருக்கிறது என்றான். இழுத்தபடியே சிறிது நேரம் வைத்திருந்து, சட்டென்று தளர்த்தி உதட்டில் வைத்தால் குளிர்ச்சி. இரும்பு சூட்டில் நீளும். எடை தொங்கும் ரப்பரைச் சூடாக்கினால் அது சுருங்கி எடையை மேலே தூக்கும். ஐம்பது ஆண்டுகள் பொன்னை உருக்கிய அப்பா இதைக் கேட்டுவிட்டு அரைமணி நேரம் ரப்பர் பேண்டை உதட்டில் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முறுக்கும்போது இழைகள் ஒன்றோடொன்று உரசி அறுகின்றன. எண்ணெய் போட்டால் வழுக்கும் என்று அம்மாவின் தையல் எந்திர எண்ணெயைத் தடவினேன். இரண்டாம் நாள் ரப்பர் ஊறி, உப்பி, கிள்ளினால் கையோடு வந்தது. பெட்ரோலிய எண்ணெய்க்கும் ரப்பருக்கும் ஆகாது. முன்பெல்லாம் இந்த விளையாட்டில் தேர்ந்தவர்கள் ரப்பருக்குப் போட்டது ஆமணக்கெண்ணெய். நம் வீட்டு விளக்கெண்ணெய். பாட்டில் வெளியே வந்ததும் பையன் இரண்டடி பின்வாங்கினான். போன ஆண்டு வயிற்றுக்கு அதைக் குடித்த அனுபவம். குடிக்க இல்லை, விமானத்துக்கு என்றதும், "விமானமா, விளக்கெண்ணெயா" என்று இரண்டு நாள் அதையே சொல்லிச் சிரித்தான். நான்கு சொட்டு விட்டு உள்ளங்கையில் பிசைந்தால் போதும். வெயிலில் ரப்பர் பிசுபிசுத்துப்போகும் என்பதால் மீதியை ஒரு டப்பாவில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் வைத்தேன். இடியாப்பம் என்று நினைத்து அம்மா திறந்தார். அந்தக் கதை வேண்டாம்.

விமானம் கூடியது. வால் இறக்கையும் நிமிர்ந்த வாலும் அதே தெர்மாகோல், ஒரு கிராம். மொத்தம் 11.3. அடுத்து நிறை நடுப்புள்ளி. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, அதாவது எங்களுக்கு மூன்று சென்டிமீட்டரில், இரண்டு விரல் நுனியால் தாங்கினால் விமானம் மட்டமாக நிற்க வேண்டும். எங்களுடையது வாலைத் தொங்கப்போட்டது. மூக்கில் களிமண் அப்பலாம். அப்பா தகர டப்பாவைத் திறந்து, குன்றிமணிகளை ஒவ்வொன்றாக மூக்கில் பசையால் ஒட்டினார். ஆறாவது மணியில் விமானம் என் விரல்மேல் மட்டமாக நின்றது. தராசில் 12 கிராம். சவரனுக்கு எட்டு கிராம். "ஒன்றரைச் சவரன்" என்று மூவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். திருமலைக்கோடிப் பொற்கோயிலில் 1,500 கிலோ தங்கம் என்று ஊரே பெருமை பேசும். பையன் தன் விமானம் அதில் எத்தனையில் ஒரு பங்கு என்று கணக்குப் போட உட்கார்ந்தான். விடை 1,25,000.

அன்று மாலை மொட்டைமாடியில் ரப்பரைக் கையால் ஐம்பது சுற்று முறுக்கி விட்டோம். மூக்கைத் தூக்கியது, அந்தரத்தில் நின்றது, திரும்பிக் குத்தியது. முறுக்கிய ரப்பர் தன் பலத்தை ஒரே சீராகக் கொடுப்பதில்லை. முதல் ஓரிரு நொடிகளில் அள்ளிக் கொட்டிவிட்டு, பிறகு நிதானமாகக் கொடுத்துக்கொண்டே போகும், மாதக் கடைசி வரை சம்பளத்தை இழுப்பது போல. அந்த முதல் வேகத்தில் விமானம் செங்குத்தாக ஏறப் பார்க்கிறது. அதோடு விசிறி ஒரு பக்கம் சுற்ற, உடல் மறுபக்கம் உருளப் பார்க்கிறது. இரண்டுக்கும் ஒரே மருந்து, விசிறியின் அச்சைச் சற்றுக் கீழ்நோக்கியும் சற்று வலப்பக்கமும் சாய்ப்பது. எவ்வளவு என்றால், ஒரு தீக்குச்சியை இரண்டாகப் பிளந்து அடைகொடுக்கிற அளவு. ஒரு பிளவு கூடினால் தரைக்குப் பாயும், குறைந்தால் மறுபடி அந்தரத்தில் நிற்கும். இருபத்து மூன்று தடவை விட்டோம். நோட்டில் இருக்கிறது.

நடுவில் பையனுக்கு அலுப்பு. சின்னதாக இருப்பதால்தான் பறக்கவில்லை, இரண்டு மடங்கு பெரிதாகச் செய்தால் பறக்கும் என்றான். நான் அவனுக்கு இரண்டு கதை சொன்னேன். ஒன்று, அல்போன்ஸ் பெனோ என்ற பிரெஞ்சு இளைஞரின் கதை. 1871ஆம் ஆண்டு ஆகஸ்டில் பாரிஸின் துய்லெரி தோட்டத்தில், முறுக்கிய ரப்பரால் ஓடும் சிறு விமானம் ஒன்றை அவர் பலர் முன்னிலையில் பறக்க விட்டார். 11 நொடி, சுமார் 40 மீட்டர். நமக்கு இன்று அலுப்புத் தட்டுகிற வால் இறக்கைச் சாய்வும் இறக்கை எழுச்சியும் அதில் இருந்தன. இரண்டாவது ரைட் சகோதரர்கள் கதை. பெனோவே செய்த ரப்பர் ஹெலிகாப்டர் பொம்மையின் வழிவந்த ஒன்றைத்தான் 1878இல் ரைட் சகோதரர்களுக்கு அவர்கள் அப்பா வாங்கி வந்தார். தக்கை, மூங்கில், காகிதம். அது உடைந்ததும் பையன்கள் தாங்களே அதைப் போல் செய்தார்கள், பிறகு பெரிது பெரிதாகச் செய்தார்கள். பெரிதாகப் பெரிதாகப் பறக்க மறுத்தது. அளவு இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு வேண்டும் என்பது அந்த வயதில் தங்களுக்குத் தெரியவில்லை என்று பின்னாளில் எழுதினார்கள்.

எட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டான். நான் காகிதம் எடுத்து, நீளம், அகலம், உயரம் என்று கட்டம் போடத் தொடங்கினேன். அப்பா குறுக்கிட்டார்.

"ஒரு சவரனில் குழந்தைக்கு ஒரு கெட்டி வளையல். அதையே சுற்றளவும் இரட்டிப்பு, கம்பியின் தடிமனும் இரட்டிப்பு என்று செய்துகொடு என்கிறார்கள். எத்தனை சவரன் கேட்பேன்?"

"இரண்டு."

"தாத்தா கடன்காரனாகிவிடுவேன். கம்பி இரட்டை நீளம், அதனால் இரண்டு. தடிமனை இரட்டித்தால் கம்பியின் வெட்டு முகம் நான்கு மடங்கு. நான்கு இரண்டு எட்டு. எட்டுச் சவரன்."

நான் காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன். கம்பியை இழுத்து மெலிதாக்கியே வாழ்ந்தவருக்கு இது கணிதமாகவே தோன்றவில்லை. பையன் நோட்டில் வளையல் படம் வரைந்து பக்கத்தில் எட்டு என்று எழுதினான். பெரிய விமானப் பேச்சு அதோடு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தே முக்காலுக்குக் கோட்டை மைதானம். அந்த நேரத்தில் காற்று அசையாது. ஏழு மணிக்கு மேல் தரை சூடேறி, காற்று கிளம்பி, இப்படிப்பட்ட பூஞ்சை உடம்பு எதுவும் அதில் நிற்காது. நடைப்பயிற்சிக்காரர்கள் வந்துவிட்டிருந்தார்கள். ஒருவர் நின்று, எந்தக் கடையில் வாங்கினீர்கள், என்ன விலை என்றார். அப்பா தன் பழைய கைத் துளைக்கருவியைக் கொண்டுவந்திருந்தார். அதன் வாயில் ஒரு கொக்கி. பிடியை ஒரு சுற்று சுற்றினால் கொக்கி நான்கு சுற்று சுற்றும். நான் விமானத்தின் மூக்கைப் பிடித்துக்கொள்ள, அவர் ரப்பரின் வால்முனையைக் கொக்கியில் மாட்டி மூன்று மடங்கு தூரம் பின்னால் நடந்தார். இழுத்து வைத்து முறுக்கினால் அதிகச் சுற்று ஏறும். முறுக்கு ஏற ஏற மெல்ல முன்னால் வர வேண்டும். பையன் எண்ணினான். நாற்பதாவது பிடிச் சுற்றில் நிறுத்தினோம், நூற்று அறுபது. ரப்பர் குச்சிக்கு அடியில் முதல் வரிசை முடிச்சு கட்டி, அதன்மேல் இரண்டாவது வரிசை முடிச்சு ஏறத் தொடங்கியிருந்தது, அம்மா பின்னும் பின்னலைவிட நெருக்கமாக.

பையன்தான் விட்டான். எறியக் கூடாது, தாமரை இலைமேல் வைப்பது போல் காற்றின்மேல் வைத்துவிட வேண்டும் என்று அவனிடம் பத்து முறை சொல்லியிருந்தேன். வைத்தான். தயிர் டப்பா இலைகள் இரைந்தன. விமானம் எங்கள் தலை உயரத்துக்கு ஏறியது, வலப்பக்கம் சாய்ந்தது, விழப்போகிறது என்று நான் கையை நீட்டியபோது தானே நிமிர்ந்து, வட்டமடித்து, நடப்பவர்கள் மேலாகப் போனது. இரண்டு பேர் குனிந்தார்கள். கோட்டைச் சுவர் அகழித் தண்ணீரில் கறுப்பாகத் தெரிந்த அந்தப் பக்கம் திரும்பியபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. மறுபடி வளைந்து, விசிறி ஓய்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, மண்ணில் சறுக்கி நின்றது.

பையன் உரக்க எண்ணியதில் பதினாறு நொடி. என் கைபேசிப் படத்தில் பத்து. "அவன் எண்ணிக்கையில் சேதாரம் அதிகம்" என்றார் அப்பா.

பத்து என்றதும் பையன் முகம் மாறியது. பாரிஸ் விமானத்துக்கு ஒரு நொடி குறைவு. இருநூறு சுற்று கொடுக்கலாம் என்றான், கொடுத்தோம். மறுபடி பத்து, மரத்தில் உரசியதால். இருநூற்று நாற்பது என்றான். நான் வேண்டாம் என்றேன், தாத்தாவும் பேரனும் கேட்கவில்லை. ஐம்பத்தேழாவது பிடிச் சுற்றில் ரப்பர் அறுந்தது. துப்பாக்கி வெடித்தது போல் ஒரு சத்தம். அறுந்த முனை பாய்ந்து வந்து இறக்கையின் இடப்பாதியைக் கிழித்துக்கொண்டு போனது. என் கையில் மூக்கும் ஆறு குன்றிமணியும் பாதி விமானமும் இருந்தன. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பையன் அழவில்லை. கிழிந்த துண்டுகளைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான், பட்டறையில் தாத்தா தரையில் விழுந்த பொன்தூளைப் பெருக்கிச் சேர்ப்பாரே, அதே அக்கறையோடு.

திரும்பும் வழியில் மூவரும் இட்லி சாப்பிட்டோம். வீட்டுக்கு வந்து துண்டுகளைச் சேர்த்து ஒட்டினோம். மறுநாள் காலை பசை காய்ந்ததும் விமானம் தராசு ஏறியது. 12.4.

அப்பாவுக்கு இது விசித்திரமாக இருந்தது. பழுது பார்த்த நகை எடை குறைந்துதான் வரும். ஒவ்வொரு பழுதுக்கும் எடை கூடுகிற பொருளை அவர் முதன்முறையாகப் பார்க்கிறார். சிறிது நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலைக்கு மேல் விளக்கைப் போட்டு, மேசைமேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, இறக்கையைக் கவிழ்த்து வைத்து, தன் மிக மெல்லிய அரத்தை எடுத்தார். ஒட்டின தழும்பின்மேல் துருத்திக்கொண்டிருந்த காய்ந்த பசையை, தெர்மாகோலைத் தொடாமல், மேலாக வருடி வருடி எடுக்கத் தொடங்கினார். வெள்ளைத் துணியில் வெள்ளைத் தூள் விழுந்தது. கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவினால்தான் தெரியும். பையன் முகவாயை மேசை விளிம்பில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் எவ்வளவு தாத்தா?"

"மூன்று குன்றிமணி" என்றார், தலையை நிமிர்த்தாமல்.